கட்டைவிரல் இறங்காத சுவர்

என் அப்பாவுக்கு எதிலும் ஒரு பிடி கூடப் போட்டால்தான் மனசு ஆறும். காபியில் சர்க்கரை, கதவில் ஆணி, பேச்சில் சத்தம், எல்லாவற்றிலும் அப்படித்தான். பம்பு செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். குளியலறைக் குழாயை அவர் மூடிவிட்டு வெளியே வந்தால் வீட்டில் அடுத்து யாருக்கும் குளியல் கிடையாது. ஸ்பேனரோடு போய்த் திறந்துகொள்ள வேண்டும். "இறுக்கமா இருந்தாத்தான் ஒழுகாது" என்பார். அவர் வாழ்க்கையின் மொத்தத் தத்துவமும் அந்த ஒரு வரிதான்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. சின்னதுதான் என்றார் டாக்டர். அடுத்தவர் உடம்பில் வருவதெல்லாம் டாக்டர்களுக்குச் சின்னதுதான். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. வலது கை மட்டும் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி வரமாட்டேன் என்று நின்றது. பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "தாத்தா, இதைப் பிடிச்சு அமுக்கிட்டே இருங்க" என்றாள். அவள் போனதும் அப்பா பந்தைப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டுவிட்டார்.

"கை வேணும்னா வேலை குடு. விளையாட்டுச் சாமான் குடுக்காதே" என்றார் என்னிடம். நானா கொடுத்தேன்?

அவர் வேலையைத் தானே தேடிக்கொண்டார். எங்கள் வீடு பழைய வீடு. வேறு யாரோ கட்டியதை அப்பா வேலையில் இருந்தபோது வாங்கினார். பின்பக்கச் சுவருக்குப் பூச்சு கிடையாது, செங்கல் அப்படியே தெரியும். அந்தச் சுவருக்கு உள்பக்கம்தான் அப்பாவின் அறை. கட்டில் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. கூரையைத் தாங்கும் உத்திரத்தின் ஒரு முனையும் அந்தச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள் கொல்லைப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த கலவையை விரலால் சுரண்டிப் பார்த்தார். பொடிப்பொடியாகக் கொட்டியது.

"மண்ணை வச்சுக் கட்டியிருக்கான் திருட்டுப்பய!" என்று கத்தினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் குரல் அவ்வளவு தெளிவாக வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாளே ஒரு மூட்டை சிமெண்டு வந்து இறங்கியது. ஈரம் படாமல் இருக்க அதை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி வைத்தார். பழைய கலவையைச் சுரண்டி எடுப்பார். ஒன்றுக்கு ஒன்று என்று சிமெண்டையும் மணலையும் சட்டியில் குழைப்பார். கொத்துக்கரண்டியை வலது கையில் வைத்து, மேலே இடது கையால் பிடித்து, சந்து சந்தாக அடைப்பார். முதலில் ஒரு முழம் அடைக்க ஒரு பொழுது ஆயிற்று. கரண்டி பத்துத் தடவை கீழே விழும், பத்துத் தடவையும் யாரையாவது திட்டிவிட்டு எடுப்பார். பிறகு இடது கை விலகியது. வலது கை தனியாகவே கரண்டியைப் பிடித்தது.

மறுநாள் காலை பல் தேய்த்த கையோடு போய், முந்தின நாள் அடைத்த இடத்தில் வலது கட்டைவிரலை வைத்து அழுத்துவார். இறங்காது. "கல்லு!" என்பார். அதோடு விடமாட்டார், என்னைக் கூப்பிடுவார். "அமுக்கிப் பாரு பாப்பா. நல்லா அமுக்கு." எனக்கு நாற்பத்தாறு வயது, தலையில் பாதி வெள்ளை, அவருக்கு நான் பாப்பாதான். நான் அமுக்குவேன், இறங்காது. என் வீட்டுக்காரர் அமுக்குவார். பால்காரர், மீட்டர் பார்க்க வந்தவர், தைக்கத் துணி கொடுக்க வந்த பெண்கள், எல்லாரும் அமுக்கினார்கள். எங்கள் வீட்டில் உள்ளே நுழைய அதுதான் கட்டணம்.

நானும் மெச்சினேன். மெச்சாமல்? அந்தக் கை கரண்டி பிடித்தது, பிறகு தேக்கரண்டி பிடித்தது, பிறகு பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டது. நான் தையல் மெஷினில் உட்கார்ந்தபடி, கொல்லையில் கரண்டி சட்டியில் உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தைப்பேன். அந்தச் சத்தம் இருந்தவரை எனக்குப் பயம் இல்லை.

ஒரு மழைக்காலம் போனது. வெயில் வந்ததும் சுவர் பொரிய ஆரம்பித்தது.

முதலில் கல்லின்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. அப்புறம் கல்லின் முகமே ஏடு ஏடாகக் கழன்று விழுந்தது. காலையில் பெருக்கினால் ஒரு முறம் செங்கல் தூள். அப்பா அடைத்த சிமெண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அப்படியே துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் கல் மட்டும் உள்ளே உள்ளே போனது. பார்த்தால் தேனடை மாதிரி இருந்தது. அப்பா அடைக்காத மேல் வரிசையில், அந்தத் திருட்டுப்பய மண்ணை வைத்துக் கட்டிய இடத்தில், ஒரு கல்லும் உதிரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் உண்டு. எப்போது கேட்டாலும் "நாளைக்கு வரேன்" என்பதால் அவருக்கு 'நாளைக்கு' என்றே பெயர் ஆகிவிட்டது. அவருடைய நாளைகள் பல கழிந்து, ஒரு மத்தியானம், அப்பா சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் வந்தார். ஒரு காதில் போன், இன்னொரு காதில் பென்சில். போனில் யாரிடமோ "நாளைக்கு" என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் ஒரு கல்லைக் குத்தினார். உள்ளே போனது. சிமெண்டைக் குத்தினார். ஸ்க்ரூடிரைவர்தான் வழுக்கியது.

"யாரு அடைச்சது?"

"அப்பா."

"பிரமாதமா அடைச்சிருக்காரு. அதான் வினை."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"இது பழைய சூளைக் கல்லு, மெத்துன்னு இருக்கும். இதுக்குச் சுண்ணாம்புக் கலவைதான் வச்சிருக்காங்க. மழைத்தண்ணி உள்ள போனா, சந்து வழியா ஆவியாகி வெளிய வந்துடும். வெயில்ல சுவரு அசைஞ்சா சந்து கொஞ்சம் விட்டுக்குடுக்கும். உங்கப்பா சிமெண்டை வச்சு எல்லா வழியையும் சாத்திட்டாரு. இப்போ தண்ணி கல்லு வழியாத்தான் வந்தாகணும். வரும்போது கல்லை உடைச்சுக்கிட்டு வருது."

"பலமாத்தானே வச்சிருக்காரு?"

"கல்லைவிட கலவை பலமா இருக்கக் கூடாதும்மா. அடிபட்டா சந்து படணும். சந்தை நூறு தடவை அடைச்சுக்கலாம். கல்லை மாத்த முடியுமா?"

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நைந்த துணியை நைலான் நூல் போட்டுத் தைத்தால் நூல் அறாது, துணிதான் கிழியும். அப்பா ஒரு கிழிந்த சுவரை நைலான் நூலால் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

"போட்டதை எடுத்துடலாமா?"

"எடுத்தா கல்லும் சேர்ந்து வரும். இனிமே போடாம இருந்தா மிச்சம் பிழைக்கும். மேல மேல போட்டுக்கிட்டே இருந்தா, உத்திரத்துக்கு அடியில கல்லே இருக்காது." அவர் தூங்கும் அப்பாவை ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தார். "கட்டிலைத் தள்ளிப் போடுங்க. பெரியவரை நிறுத்தச் சொல்லுங்க."

நிறுத்தச் சொல்லுங்க. வாயால் சொல்வதற்கு என்ன, காசா பணமா.

நான் சொல்லிப் பார்க்காமல் இல்லை. அன்று சாயங்காலமே போய் நின்றேன்.

"அப்பா, கல்லு உதிருதே."

"அதான் சிமெண்டு வைக்கிறேன்."

"சிமெண்டு வச்ச இடத்துலதான்பா அதிகமா உதிருது."

கரண்டி நின்றது. அன்று காலையில்தான், நோய் வந்தபிறகு முதல் தடவையாக, அவர் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டிருந்தார். கடைசிப் பொத்தான் மட்டும் இடம் மாறி, காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலருக்கு மேல் அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"அப்போ நான்தான் கெடுத்தேங்கறியா?"

என் வாய்க்கு ஊரே பயப்படும். தைத்த துணியில் குறை சொல்ல வருகிறவர்கள் வாசலிலேயே யோசித்து நிற்பார்கள். அந்த வாய், "சேச்சே, மழை ஜாஸ்திப்பா இந்தத் தடவை" என்றது.

"அதானே!" என்று அப்பா மறுபடி குழைக்க ஆரம்பித்தார்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அன்றிலிருந்து நான் அதுதான். அவரை நிறுத்தினால் கை போய்விடும், நிறுத்தாவிட்டால் சுவர் போய்விடும். கட்டிலைத் தள்ளிப் போட்டேன். "காத்து வரலை" என்று அவரே மறுபடி சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார், அந்த வலது கையாலேயே.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். என் புத்தியை மெச்சிக்கொண்டுதான் கண்டுபிடித்தேன். அப்பா அடைக்கட்டும், டிரம்மில் மட்டும் சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு இருக்கட்டும்.

கொத்தனார் 'நாளைக்கு'விடம் சொன்னதும் சிரித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். அப்பாவுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் தெரியாது. என் வீட்டுக்காரர் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போன நாளில், 'நாளைக்கு' தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சொன்ன நாளில் வந்து நின்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பொடிச் சுண்ணாம்பு, சலித்த செங்கல் தூள், வெளுப்பு தெரியாமல் இருக்கக் கொஞ்சம் சாம்பல் எல்லாம் கலந்து டிரம்மை நிரப்பினார்.

"பெரியவர் ஒண்ணுக்கு ஒண்ணு போட்டாலும் தாங்கற மாதிரிச் செஞ்சிருக்கேன். ஆனா இது சிமெண்டு இல்ல, மெதுவாத்தான் இறுகும். வாரக்கணக்காகும். ஈரச்சாக்கு போட்டு வைங்க, அவசரப்படாதீங்க."

"சரி சரி" என்றேன். அப்பா வருவதற்குள் வெளியே சிந்திய வெள்ளையைக் கழுவும் அவசரம் எனக்கு. மெதுவாக இறுகும் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது.

மறுநாள் அப்பா குழைத்தார். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கதவோரமாக நின்றேன்.

"என்ன பாப்பா, கரண்டியில வெயிட்டே இல்லாத மாதிரி இருக்கு?" என்றார். சுண்ணாம்பு சிமெண்டைவிட லேசு. நான் பதில் சொல்வதற்குள் அவரே, "கை மரத்துப் போயிருக்குபோல" என்று உதறிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "வழுவழுன்னு ஓடுது, பிடிமானமே இல்ல" என்றார். இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் கையைப் பார்த்துச் சொன்னார்.

அடைத்தார். நன்றாகவே அடைத்தார். நான் ஈரச்சாக்கை மேலே தொங்கவிட்டேன். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

காலையில் அப்பா பல் தேய்த்தார். சாக்கை விலக்கினார். கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

விரல் உள்ளே போனது.

நகம் மறையும்வரை போனது. அவர் அதை உடனே எடுக்கவில்லை, அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலை எப்படி மறந்தேன்? ஊரில் இருக்கிறவனை எல்லாம் அமுக்கவைத்த கட்டைவிரலை எப்படி மறந்தேன்?

அன்றைக்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை. "ஒண்ணுக்கு ஒண்ணுதானே போட்டேன்" என்று தனக்குள் பேசிக்கொண்டே மறுபடி அளந்தார், மறுபடி குழைத்தார். பக்கத்துச் சந்தை அடைத்தார். அடுத்த நாளும் விரல் இறங்கியது. இன்னொரு தடவை குழைத்தார். இந்தத் தடவை கரண்டியில் அள்ளியதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். பார்க்கட்டும், கண்டுபிடிக்கட்டும், என்னைக் கன்னாபின்னாவென்று திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் கண்டுபிடிக்கவில்லை. மறுநாளும் விரல் இறங்கியது.

கரண்டியைக் கழுவித் துடைத்து, துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி, ஆணியில் மாட்டினார். நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால்தான் அப்பா ஒரு சாமானுக்கு எண்ணெய் தடவுவார்.

"கை போயிடுச்சு பாப்பா" என்றார். "இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இல்ல."

அதோடு கட்டிலில் ஏறியவர்தான். தேக்கரண்டி இடது கைக்கு மாறியது. சட்டைப் பொத்தானுக்கு என்னைக் கூப்பிட்டார். பயிற்சிப் பெண் வந்து வலது கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன தாத்தா, இவ்வளவு தூரம் வந்துட்டு விட்டுட்டீங்களே" என்றாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் அந்தக் கைக்கும் ஏதோ தகராறு, தனக்கு அதில் சம்பந்தமில்லை என்பதுபோல.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். எதற்கும் பதறாதவர். "சிமெண்டையே திருப்பிப் போட்டுடு. சுவர் போனா போகட்டும்" என்றார்.

"சுவர் இருந்தாத்தானே சித்திரம்?" என்றேன் வீம்புக்கு.

"சித்திரமே கட்டில்ல படுத்துக் கிடக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டிரம்மைக் காலி செய்து புதுச் சிமெண்டை நிரப்பினோம். "அப்பா, நல்ல சரக்கு வந்திருக்கு. ஒரு சட்டி குழைச்சுப் பாருங்களேன்." வரமாட்டார். "சரக்குல என்ன இருக்கு? கையிலதான் இருக்கு" என்பார். ஆயுசு முழுக்க ஆளை நம்பாமல் சாமானை நம்பிய மனிதர் சொல்கிற பேச்சா இது?

கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். சுவரைக் கெடுத்தது நீங்கள்தான் என்று அவருக்குத் தெரியவரும். தெரியட்டும், திட்டட்டும், சண்டை போடட்டும். இந்தச் சத்தமில்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். மெத்துக் கல், சுண்ணாம்பு, தண்ணீர் போகும் வழி, கொத்தனார் வந்தது, டிரம்மை மாற்றியது, சாம்பல் கலந்தது, எல்லாம்.

"கலவை இளகிக் கிடந்தது உங்க கையால இல்லப்பா. என்னாலதான். நான் மாத்திட்டேன். உங்க கை நல்லாத்தான் இருக்கு."

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். நோய் வந்தபிறகு அவர் சிரிப்பு ஒரு பக்கம்தான் ஏறும்.

"கல்லைவிட கலவை பலம் கம்மியா இருக்கணுமா?"

"ஆமாப்பா."

"எந்த மடையனாவது பலம் கம்மியா இருந்தா நல்லதுன்னு சொல்வானா? சுண்ணாம்பு வெள்ளையடிக்கறதுக்கு பாப்பா. அதை வச்சு யாராவது வீடு கட்டுவானா?"

"இந்த வீட்டையே அப்படித்தான் கட்டியிருக்காங்க!"

"உங்கம்மா இருந்தவரைக்கும் நான் செஞ்ச சமையலை நல்லா இருக்குன்னு சொல்லியே சாப்பிட்டா." இடது கையால் என் தலையைத் தடவினார். "உனக்கும் அதே புத்தி. பரவாயில்ல, கேக்க நல்லா இருந்துச்சு."

கொத்தனாரையே கூட்டி வந்து சாட்சி சொல்ல வைத்தேன். அவர் போனதும், "அந்த ஆளுக்கு என்ன குடுத்தே?" என்று கேட்டார் அப்பா, கோபமே இல்லாமல்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அந்த மூன்று சந்துகளில் இருந்த சுண்ணாம்பு. இறுகும் என்று 'நாளைக்கு' சொன்னாரே, இறுகட்டும். இறுகியதும் அவரைக் கூட்டிப்போய் அமுக்கவைப்பேன். கட்டைவிரல் பொய் சொல்லாது. சாக்கு காயக் காய நனைத்தேன். தைக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி ஓடி நனைத்தேன். தினமும் யாருக்கும் தெரியாமல் விரலை வைத்துப் பார்ப்பேன். இறங்கும். அப்புறம் நகம் மட்டும் பதியும். அப்புறம் ரேகை மட்டும் பதியும்.

ஒரு காலை, அழுத்தினேன், எதுவும் பதியவில்லை.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உள்ளே ஓடி, வேண்டாம் வேண்டாம் என்றவரை எழுப்பி உட்காரவைத்து, சட்டையை மாட்டி, தோளில் தாங்கிக் கொல்லைக்குக் கொண்டுவந்தேன். நடந்து வெகுநாளாகியிருந்ததால் வாசற்படியில் கால் இடறியது. சுவரின் முன்னால் நிறுத்தி, வலது கையை நானே தூக்கி, அவர் அடைத்த முதல் சந்தில் கட்டைவிரலை வைத்தேன்.

"அமுக்குங்கப்பா."

அவர் அமுக்கினார். தோள் நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, உடம்பில் இருந்ததையெல்லாம் அந்த விரலுக்கு அனுப்பினார். விரல் இறங்கவில்லை.

"பாத்தீங்களா? கல்லு! நீங்க வச்சதுப்பா, உங்க கை வச்சது!"

அப்பா விரலை எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னிடம் சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது.

"அன்னிக்கு அமுக்கினேன், இறங்குச்சு" என்றார் மெதுவாக. "இப்போ அமுக்கறதுக்குக்கூட விரல்ல பலம் இல்ல பாப்பா."

"ஐயோ அப்பா, இல்லப்பா! இது இறுகிடுச்சு. இங்க பாருங்க, நான் அமுக்கறேன், எனக்கும் இறங்கல."

அவர் விரல் இருந்த இடத்திலேயே என் விரலை வைத்து அழுத்தினேன். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல். நகம் வெளுக்கும்வரை, மணிக்கட்டு வலிக்கும்வரை அழுத்தினேன்.

அப்பா அந்த ஒரு பக்கச் சிரிப்போடு என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"எனக்காக நல்லா அமுக்காம விடறே" என்றார். "உள்ள போலாம், வா."